சன்மானம் என்னும் தீண்டத்தகாத சொல்

புத்தக வெளியீட்டு விழாக்களில் எழுத்தாளர்கள் கூடுகிறார்கள், பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் மொழிபெயர்ப்புக்குப் பக்கம் ஒன்றுக்கு எவ்வளவு பெற்றார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டால் இலக்கியத்துக்கு இழுக்காம். மாதச் சம்பளமின்றி எழுதியே பிழைக்க முனைபவருக்கு இந்தக் கூட்டத்தால் என்ன பயன் என்று நாங்கள் கேட்கிறோம்.

கோட்டயத்தில் 1945இல் எம். பி. பால், காரூர் நீலகண்ட பிள்ளை முதலியோர் எழுத்தாளர்களுக்கே சொந்தமான சாகித்ய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நூல் விலையில் 30 சதவீதம் எழுதியவருக்கு. (இங்கே பத்து சதவீதத்துக்கே நடையாய் நடக்க வேண்டும்; விற்பனைக் கணக்கு கண்ணில் படுவது தெய்வ தரிசனம்.) அந்தக் கோட்டயத்துக்கு வெகு தொலைவில்லாத திருவனந்தபுரத்தில்தான் 1948இல் புதுமைப்பித்தன் காசநோயிலும் வறுமையிலும் 42 வயதில் மாண்டார். அவரது வறுமையையே பெருமையாக்கி இன்றுவரை மேடைகளில் உருகுகிறோம். அதே மேடையிலிருந்து இறங்கி, இளைஞர் ஒருவரிடம் “வாய்ப்புத் தருகிறோம்” என்று இலவசமாகக் கட்டுரை வாங்குகிறோம்.

பதிப்புரிமைச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டுகள். இதை மூத்தவர்கள் எத்தனை பேர் இளையவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்? நடையைத் திருத்தச் சொல்லித்தருகிறவர்கள் ஒப்பந்தத்தைப் படிக்கவும் சொல்லித்தரட்டும். அடுத்த விழாவில், எந்தப் பதிப்பகம் எவ்வளவு தந்தது, எது இன்னும் பாக்கி வைத்திருக்கிறது என்பதை ஒலிபெருக்கியிலேயே பேசட்டும்.