கணக்கு எழுதத் தெரிந்த தொண்டர்

பல ஆண்டுகள் ஒரு தொழிலில் இருந்து கைவந்த திறனைக் கூலி வாங்காமல் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பதும் தொண்டுதான். பணம், பழைய துணி, அன்னதானம், ரத்ததானம் போல அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மரக்கன்று நடும் முகாமில் ஆடிட்டரும் மண்வெட்டி பிடிக்கலாம், தப்பில்லை. ஆனால் குழி தோண்ட ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் கிடைத்துவிடுவார்கள். முகாமுக்கு வந்த நன்கொடையைச் சட்டப்படி எழுதிவைக்கும் ஆள்தான் கிடைப்பதில்லை.

மேலைநாடுகளில் இப்படித் தொழில் திறனைத் தொண்டாகக் கொடுப்பதற்குத் தனி அமைப்புகளே உண்டு. தொடக்கத்தில் அவை சிறு தொழில்களை மனத்தில் வைத்து உண்டானவை. அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய ஸ்கோர், ஓய்வுபெற்ற தொழில் நிர்வாகிகளைச் சிறு வியாபாரிகளுக்கு ஆலோசகர்களாக அனுப்பியது. ஜெர்மனியில் 1983இல் தொடங்கிய எஸ்.இ.எஸ். அமைப்பு, பணி ஓய்வு பெற்ற வல்லுநர்களை வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. தொண்டு நிறுவனங்களையே குறியாகக் கொண்டு, பணியில் இருப்பவர்களின் திறனைத் திரட்டிக் கொடுத்தது 2001இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டாப்ரூட் பவுண்டேஷன்.

கொங்கு நாட்டுக்கு இது புதிதல்ல. கோவையில் 1977இல் டாக்டர் ஆர்.வி.ரமணியும் அவர் மனைவி டாக்டர் ராதாவும் ஒரு கோயில் வளாகத்தில் சிறிய மருத்துவ மையம் தொடங்கினார்கள். சொந்த கிளினிக் வைத்திருந்த மருத்துவர்கள், தங்கள் நேரத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, முறைவைத்து அங்கே வந்து பார்த்தார்கள். 1985இல் அந்த முயற்சி சங்கரா கண் மருத்துவமனையாக வளர்ந்து, பிறகு பல மாநிலங்களுக்கும் போனது. ரமணிக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டியது அந்த முறைவைப்பு. யாரும் வேலையை விட்டுவிட்டு வரவில்லை. வரும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது, வருபவர் செய்வது அவருக்குத் தெரிந்த வேலையாகவே இருந்தது.

அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் சிறு அறக்கட்டளைகளுக்குக் குறைவில்லை. குளம் தூர்வாருகிறவர்கள், ஆதரவற்றோரை அடக்கம் செய்கிறவர்கள், அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக்கொடுப்பவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறவர்கள் என்று பல வகை. பெரும்பாலும் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு பத்திரம் பதிந்து தொடங்கியவை. முதல் இரண்டு ஆண்டுகள் உற்சாகத்தில் ஓடிவிடும். மூன்றாம் ஆண்டில்தான் காகிதம் கழுத்தைப் பிடிக்கும்.

ரசீதுப் புத்தகத்தில் தொடங்குகிறது வினை. நன்கொடை கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “நலம் விரும்பி” என்று எழுதியிருக்கும். கொடுத்தவருக்கு அது அடக்கம்; வருமான வரிச் சட்டத்துக்கு அது பெயர் தெரியாத நன்கொடை. அறக்கட்டளைக்கு வந்த இத்தகைய பணம், மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. 2021இல் வந்த நடைமுறையில், கொடுத்தவர்களின் பெயர், முகவரி, பான் எண் போன்ற விவரத்துடன் ஆண்டுக்கு ஒரு பட்டியலை மே 31க்குள் வருமான வரித் தளத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். ஒருமுறை வாங்கிய 12ஏ, 80ஜி பதிவுகள் ஆயுளுக்கும் செல்லும் என்ற நிலையும் அதே 2021இல் போய்விட்டது. காலம் முடியுமுன் புதுப்பித்தாக வேண்டும். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம் வேண்டுமென்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 பதிவு தனியாக இருக்க வேண்டும். வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டதற்கும் கணக்கு வேண்டும்.

இதையெல்லாம் கூலி கொடுத்துச் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஆடிட்டரிடம் மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இப்போது நடக்கிறது. மார்ச் முடிந்தபின் ஒரு பைநிறைய பில்லை அவர் மேஜையில் கொட்டினால், அவரால் கூட்டிக் கழிக்க முடியுமே தவிர, ஏப்ரலில் போடாத வவுச்சரை உண்டாக்க முடியாது. தேவைப்படுவது மாதம் ஒரு சனிக்கிழமை மாலை வந்து உட்கார்ந்து, ரொக்கப் புத்தகத்தையும் பாங்க் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்த்து, அங்கிருக்கும் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ அந்த வேலையைப் பழக்கிவிடும் ஆள். பனியன் கம்பெனியில் இருபது வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவருக்கு இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஒரு எச்சரிக்கை: அறங்காவலராக இருப்பவர், ஆடிட்டராகவே இருந்தாலும், அந்த அறக்கட்டளையின் கணக்கைத் தணிக்கை செய்யக் கூடாது. எழுதுவதற்கு உதவுகிறவர் ஒருவர், தணிக்கை செய்பவர் வேறொருவர் என்றிருந்தால்தான் கணக்குக்கு மதிப்பு.

ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களிடம் கணக்கைத் தவிர வேறொரு சொத்தும் இருக்கிறது. அதை அவர்கள் திறமை என்றே நினைப்பதில்லை. மெர்ச்சண்டைசர் ஒருவர் ஆர்டர் கையில் வந்ததும் ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார். பேக்கிங் என்று முடிய வேண்டும், அதற்கு முன் தையல், கட்டிங், சாயம், நூல் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, ஒவ்வொரு தேதிக்கும் ஓர் ஆள் பெயர் போட்டு ஒரு தாள் தயாராகிறது. டி அண்ட் ஏ என்று கம்பெனிகளில் சொல்வது இதைத்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கும் ஓர் அறக்கட்டளை இந்தத் தாளை வைத்திருந்தால், ஜூனில் கொடுக்க வேண்டிய நோட்டு ஆகஸ்டில் போய்ச் சேராது. ஜூன் முதல் வாரம் விநியோகம் என்றால், மே நடுவில் நோட்டு கைக்கு வர வேண்டும். ஏப்ரலில் விலைப்புள்ளி வாங்கி முடித்திருக்க வேண்டும். தேர்வு முடிந்து பள்ளி மூடுமுன் தலைமையாசிரியரிடம் வகுப்புவாரியாக எண்ணிக்கை வாங்கியிருக்க வேண்டும். சொல்லக் கேட்டால் சாதாரணம். ஆனால் பள்ளி மூடியபின் எண்ணிக்கை கேட்டுப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பும் அறக்கட்டளைகள்தான் அதிகம்.

செக்கிங்கும் அப்படியே. பத்தாயிரம் பீஸையும் பிரித்துப் பார்க்காமல், கணக்காக எடுத்த சில நூறைப் பார்த்து லாட்டைத் தேற்றவோ தள்ளவோ செய்கிற முறை இங்கே சூப்பர்வைசர்களுக்கெல்லாம் தெரியும். நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று கேட்டால், பெரும்பாலும் “எல்லாம் நல்லா வந்திருக்குங்க” என்பதே பதில். முறையாகப் பொறுக்கிய பத்துத் தோட்டங்களில் போய் எண்ணினால், ஒரே வாரத்தில் நம்பத்தகுந்த ஒரு விகிதம் கிடைக்கும். பணம் கொடுத்த கம்பெனி அடுத்த ஆண்டு கேட்கப்போவதும் அதைத்தான்.

தொழில் புத்தி தொண்டில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உள்ளூரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2015இல் வெற்றி அமைப்பு தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ திட்டம், பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்கள் முன்னின்று நடத்துவது. கன்றுகளைச் சாலையோரத்தில் நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகாமல், நீரும் வேலியும் உள்ள விவசாயிகளின் நிலத்தைத் தேடி நட்டார்கள். பிழைக்கிற இடத்தில் நட வேண்டும் என்பது காஸ்டிங் போடத் தெரிந்தவர்களின் கணக்கு. இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் நடப்பட்டிருக்கின்றன.

தண்ணீர் விஷயத்தில் தேவை இன்னும் பெரிது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் அறுபது ஆண்டுக் கோரிக்கை. 2016இல் அவிநாசியில் உண்ணாவிரதம் வரை போனது. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஆகஸ்ட் 17இல் திறந்துவைக்கப்பட்டது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே ஓடிவரும் உபரி நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுப்பது திட்டம். செலவு 1,916 கோடி ரூபாய். குழாய் வந்துவிட்டது. சில குளங்களுக்குத் தண்ணீர் சரிவர வருவதில்லை என்ற புகாரும் கூடவே வந்துவிட்டது. எந்தக் குளத்துக்கு எந்த நாளில் எவ்வளவு நேரம் நீர் விழுந்தது என்று தேதிவாரியாக எழுதிவைத்த ஊரின் சொல் அதிகாரியிடம் பேசும்போது நிற்கும். மில்லில் பம்ப், வால்வு, மீட்டர் பார்த்து ஓய்வுபெற்ற பிட்டர்களும் எலெக்ட்ரீஷியன்களும் இந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

குளத்துக்கு நீர் வருவதற்கு முன்னால் குளம் எதுவரை என்று தெரிய வேண்டும். ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவரின் மதிப்பு அங்கேதான் தெரியும். புலப்படத்தை விரித்து, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எத்தனை மீட்டர் என்று படித்து, கரையில் புதைந்து கிடக்கும் எல்லைக்கல்லைத் தோண்டி எடுத்துக் காட்டுவார். ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றும் பார்ப்பார். ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் அரசுக்குத்தான். 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கான வழியைச் சொல்கிறது. ஆனால் மனுவில் “குளம் ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது” என்று மட்டும் எழுதினால் அது ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டே இருக்கும். சர்வே எண், அளவு, வரைபட நகலோடு போனால் தட்டிக்கழிக்க எளிதில் முடியாது. மாநில அளவில் இதற்கு முன்னோடி, பொதுப்பணித் துறையின் மூத்த பொறியாளர் சங்கத்தார். முல்லைப் பெரியாறு அணையின் உறுதி பற்றிய சர்ச்சை 2011இல் முற்றியபோது, அந்த ஓய்வுபெற்ற பொறியாளர்கள் அணை எப்படிப் பலப்படுத்தப்பட்டது என்பதை விளக்கி ஆவணப்படமே எடுத்தார்கள். கட்டியவர், பராமரித்தவர் பேச்சில் இருக்கும் எடை மேடைப் பேச்சில் வராது.

அவிநாசி வழியே ஓடும் நல்லாறு போய்ச் சேரும் நஞ்சராயன் குளம், ஒழுங்காக எழுதிவைப்பதன் பயனுக்கு இன்னொரு வகைச் சான்று. 2022இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலமாகவும் அது அறிவிக்கப்பட்டது. திருப்பூர் இயற்கைக் கழகத்தார் பல ஆண்டுகளாக எழுதிவைத்த பறவைப் பட்டியல்கள் அதற்கு அடிப்படைத் தரவாக உதவின.

வல்லுநர்களின் உதவியில் சிக்கல்களும் உண்டு. பெரிய கம்பெனியில் அதிகாரம் செய்து பழகியவர், அறக்கட்டளைக்கு வந்ததும் அங்கேயும் மேனேஜர் ஆகிவிடுவார். பத்து வருடமாகத் தெருத்தெருவாக அலைந்த பெண் ஊழியரை “நீங்க இருங்கம்மா, நான் சொல்றேன்” என்று உட்கார வைத்துவிட்டால், அவரிடம் இருந்த ஊர் விவரம் அத்தனையும் வெளியே வராமல் போகும். முதல் மாதம் கேட்பதற்கு என்று வைத்துக்கொள்ளும் வல்லுநரே உருப்படியாக உதவுகிறார்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் வேறு. இங்குள்ள தொண்டு நிறுவனங்களில் சில தொழிலாளர் நிலையைக் கவனிப்பவை: விடுதிகள், வேலை நேரம், இளம்பெண்களின் ஒப்பந்தம் இவையெல்லாம் அவற்றின் வேலை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனியின் உள்புகார்க் குழுவில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் தொண்டு நிறுவனத்திலிருந்து வருகிறவர். அப்படியிருக்க, ஒரு மில்லின் எச்.ஆர். மேனேஜர் அதே நிறுவனத்துக்கு இலவச ஆலோசகராகப் போனால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேலை சுத்தமாக இருக்காது. அவர் மரம் நடுகிற அமைப்புக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகலாம். தொழிலாளர் அமைப்புக்கு வேறு ஊர்க்காரரோ, வழக்கறிஞரோ, ஓய்வுபெற்ற தொழிலாளர் துறை அதிகாரியோ பொருத்தம்.

காலமும் முக்கியம். ஷிப்மென்ட் நெருக்கத்தில் இருக்கும் மெர்ச்சண்டைசர் வருகிறேன் என்றால் நம்ப வேண்டாம், வரமாட்டார். ஆறு மாதம், மாதம் இரண்டு மாலை, முடிவில் இன்ன பொருள் கைக்கு வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஆள் கிடைக்கும் இடங்களும் தெரிந்தவையே: 1990இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம், ஆடிட்டர்கள் கழகத்தின் திருப்பூர்க் கிளை, ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள், அரசு ஓய்வூதியர் சங்கம். அங்கே போய் “ஏதாவது உதவி பண்ணுங்க” என்று கேட்டால் ஐந்தாயிரம் ரூபாய் செக் வரும். “எங்க மூணு வருஷக் கணக்கை டாலியில ஏத்திக் கொடுக்க ஓர் ஆள் வேணும்” என்று கேட்டால்தான் ஆள் வருவார்.

வந்தவர் போகும் நாளும் முன்பே யோசிக்க வேண்டியது. டாலி அவர் லேப்டாப்பில், வரித் தளத்தின் பாஸ்வேர்ட் அவர் தலையில், ஓ.டி.பி. வருவது அவர் செல்போனுக்கு என்றிருந்தால், அவர் மகளோடு பெங்களூருக்குக் குடிபோன மறுமாதமே அறக்கட்டளை பழைய நிலைக்கு வந்துவிடும். பதிவுகளில் அறக்கட்டளையின் சொந்த எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். கடைசி இரண்டு மாதங்கள் வேலையை உள்ளூர் ஊழியரே செய்ய, வல்லுநர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். அந்த ஊழியர் மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலைத் தானே ஏற்றி முடித்தால் வல்லுநரை அனுப்பிவைக்கலாம்.