கோய் குளம் கட்டுங்க, ஆனா அதை 'சைடு இன்கம்'னு சொல்லாதீங்க

வீட்டு வாசலில் ஒரு கோய் குளம் வேணும்னு ஆசைப்படுவது தப்பே இல்லை. அதற்கு 'சைடு இன்கம்' என்று பெயர் வைத்து, பெர்சனல் லோன் போட்டுக் கட்டுவதுதான் எனக்குப் பிரச்சினை. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வேலையில் இருக்கும் தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "சார், மொட்டை மாடியில கோய் வளர்த்தா மாசம் எவ்வளவு வரும்?" வருவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் போவதைக் கணக்குப் போடுவோம்.

கோய் என்பது கெண்டை இனம். ஜப்பானில் நீகாட்டா பகுதி விவசாயிகள் சாப்பாட்டுக்கு வளர்த்த மீனில் நிறம் தெரிந்தவற்றைப் பிரித்து வளர்த்து உருவாக்கியது. கடையில் விரல் நீளத்தில் இருப்பது, நல்லா வளர்ந்தால் இரண்டு அடியைத் தொடும். இருபது முப்பது வருஷம் கூட வாழும். அதனால் ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டி அதற்குத் தற்காலிக வீடுதான். வளர்ந்த மீன் ஒன்றுக்கு சுமார் 1,000 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள குளத்தில் 6,800 லிட்டர் பிடிக்கும். அதாவது ஆறு, ஏழு மீன். அவ்வளவுதான்.

இப்போ மொட்டை மாடிக்கு வருவோம். நாலடி ஆழத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,200 கிலோ அழுத்தும். மக்கள் நடமாடும் வீட்டு மாடிக்கு இன்ஜினியர்கள் வழக்கமாகக் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். எட்டு மடங்கு! ஹோம் லோனில் வாங்கிய வீட்டின் கூரையில் இந்த விளையாட்டு வேண்டாம். தரையில் இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். வாடகை வீடா? சொந்த வீடு வரும் வரை தள்ளிப் போடுங்க.

அடுத்து யாரும் சொல்லாத செலவு, கரண்ட். பம்ப்பும் ஏர் பம்ப்பும் சேர்ந்து 100 வாட் என்றால் சின்னதாகத் தெரியும். ஆனால் 24 மணி நேரமும் ஓடணும். ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 144 யூனிட். வீட்டில் ஏற்கனவே 380 யூனிட் ஓடுகிறது என்றால் இனி 524. 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் காசு ஏறாது, கீழ் ஸ்லாபில் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். ஏசி ஓடும் மே மாதத்தில் இது நன்றாகவே வலிக்கும்.

அதே மே மாதம்தான் மீனுக்கும் சோதனை. கோய் குளிர் பிரதேசத்து மீன். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. அந்த நேரத்தில் கரண்ட் போய், நீங்கள் சென்னையில் ஆபீஸில் இருந்தால்? பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பை பட்ஜெட்டில் சேர்க்காதவர் குளத்தையே பட்ஜெட் போடவில்லை என்றுதான் நான் சொல்வேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியதை நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளத்தின் சுவர் தரை மட்டத்துக்கு மேலே எழும்பி இருக்கணும், மேலே வலை வேணும். இல்லைன்னா முதல் வெள்ளத்திலேயே மீன் ஏரிக்குப் போயிடும்.

சரி, வருமானம். ஒரு பெண் கோய் லட்சக்கணக்கில் முட்டை போடும் என்பது உண்மை. ஆனால் அதில் நல்ல நிறமும் அமைப்பும் வருவது ரொம்பக் குறைவு. குஞ்சுகளைத் திரும்பத் திரும்பப் பிரித்து ஒதுக்குவதுதான் இந்தத் தொழிலின் உண்மையான வேலை. அதற்குக் கண் பழகணும், நேரமும் வேணும். காலை ஏழு மணி ரயிலைப் பிடிப்பவரிடம் இரண்டும் இருக்காது. 2018-ல் ஜப்பானில் ஒரு கோஹாக்கு மீன் 20 கோடி யென்னுக்கு மேல் ஏலம் போனது. அதைக் காட்டி வீடியோ போடுவது, டெண்டுல்கரைக் காட்டி கிரிக்கெட் கோச்சிங் விற்பது மாதிரி. நம்ம பக்கத்துக்குப் பெரிய சந்தை கொளத்தூர். விரல் நீள மீனை பத்தோடு பதினொன்றாக அங்கே கொண்டு போனால் விலையை நீங்கள் சொல்ல முடியாது, வியாபாரிதான் சொல்வார்.

இதற்கு 1.5 லட்சம் லோன், 14 சதவீதம், மூன்று வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 5,130 ரூபாய். வட்டி மட்டும் 34,500-க்கு மேல். முதல் இஎம்ஐ அடுத்த மாசமே வரும். மீன் பெரிதாக வருஷங்கள் ஆகும்.

உண்மையிலேயே தொழிலாகச் செய்பவர்களுக்கு வழி இருக்கு. 2020-ல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்க்கும் அலகுக்கு 3 லட்சம் மதிப்பு வைத்து, பொதுப் பிரிவுக்கு 40, பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 60 சதவீதம் மானியம் வைத்தார்கள். இப்போ விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மானியம் முன்பணம் இல்லை என்பதையும் மனசுல வைங்க.

வரியில் ஒரு சிக்கல். "மீன் வளர்ப்பு விவசாயம்தானே, வரி இல்லையே" என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். இல்லீங்க, அது தொழில் வருமானம். ஐடிஆர்-1 இனி உங்களுக்குப் பொருந்தாது. அதைவிட முக்கியம்: சம்பளம் மட்டும் வாங்குபவர் பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டில் எது லாபமோ அதை வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் காட்டினால் அந்தச் சுதந்திரம் போச்சு. பழைய முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒருமுறை புதியதுக்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும் வரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது. ஹவுஸ் ரென்ட், 80சி எல்லாம் போட்டு வரி மிச்சப்படுத்துபவர், நாலு மீன் விற்ற காசுக்காக இதை இழக்கணுமா?

ஆசைக்காகத்தான் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். போனஸில் கட்டுங்க, லோனில் வேண்டாம். ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேறவே சில வாரங்கள் ஆகும், அதனால் கோயை அவசரப்பட்டு விடாதீங்க. முதலில் நாலைந்து மலிவான மீனை மட்டும் விட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டும் வரை ஓட்டுங்கள். அதற்குள் ஒரு கரண்ட் பில்லும் வந்துவிடும். அதையும் பார்த்துட்டு கோய் வாங்கக் கிளம்புங்க.