லேசர் வந்தாலும் பயாப்ஸி வேண்டும்!

'கட்டியைக் கத்தி தொட்டால் உடம்பு பூரா பரவிடும்' என்கிற பயம் நம் வீடுகளை விட்டு இன்னும் போகவில்லை. பயாப்ஸி எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, சித்த வைத்தியனான என்னிடம் வருகிறவர்கள் உண்டு. "கத்தி படாம நீங்களே குணமாக்கிடுங்க ஐயா" என்பார்கள். இப்போது அந்தப் பயத்துக்குப் புதுத் துணை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "லேசர் வெளிச்சத்திலேயே புற்றுநோயைக் கண்டுபிடிக்கிறாங்களாமே! சாயம்கூட வேண்டாமாமே! அப்புறம் எதுக்கு ஐயா சதையைக் கிள்ளணும்?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால், காதில் விழுந்தது பாதிச் செய்திதான். மீதிப் பாதியையும் தெரிந்துகொள்வோம்.

நம் உடம்பின் சதையை மெல்லிய ஏடாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஏறக்குறைய கண்ணாடி மாதிரிதான் இருக்கும். செல் எது, அதன் உட்கரு எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் 19-ம் நூற்றாண்டிலேயே சாயம் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஹெமடாக்ஸிலின் என்கிற சாயம் உட்கருவை நீலமாக்கும். இது அமெரிக்கக் கண்டத்தில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருவது. ஆமாம், மூலிகைச் சரக்குதான்! இயோஸின் என்கிற சாயம் மற்ற பாகத்தை இளஞ்சிவப்பாக்கும். உலகம் முழுவதும் இன்றைக்கும் பேத்தாலஜிஸ்டுகள் நம்பியிருப்பது இந்த ஜோடியைத்தான்.

சங்கடம் எங்கே என்றால், நேரத்தில். சதைத் துணுக்கை ஃபார்மலினில் ஊற வைத்து, மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு நாளாவது ஆகிவிடும். மூளையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் சர்ஜன் அதுவரை காத்திருக்க முடியுமா? அவசரத்துக்குச் சதையை உறைய வைத்து வெட்டிப் பார்க்கிறார்கள். அதற்கே இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும்.

இந்த இடத்தில்தான் திருச்சியில் பிறந்த ஒரு மனிதர் உதவிக்கு வருகிறார். 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் சர் சி.வி. ராமன் அறிவித்த விஷயம் இது: ஒரு பொருளின் மீது படும் வெளிச்சத்தில் மிகச் சிறு பங்கு நிறம் மாறிச் சிதறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைப் பொறுத்தது. கொழுப்புக்கு ஓர் அதிர்வு, புரதத்துக்கு ஓர் அதிர்வு. அதாவது, நாம் சாயம் பூசாமலே ஒவ்வொரு பொருளும் தன் பெயரைத் தானே சொல்கிறது! இதற்காக 1930-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால், அந்தக் குரல் ரொம்ப மெல்லியது. பத்து லட்சம் ஒளித்துகள் போனால் ஒன்று தேறினாலே அதிகம். சூரிய வெளிச்சத்தையும் பாதரச விளக்கையும் வைத்து ராமன் அதைப் பிடித்ததே அபாரம். அதை வைத்துச் சதையைப் படம் எடுக்க வேண்டுமானால், 1960-ல் பிறந்த லேசர் வர வேண்டியிருந்தது. அதிலும் சாதா லேசர் போதாது.

ஊஞ்சலை எப்படித் தள்ளுகிறோம்? அது வந்து போகிற தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால், குழந்தை தள்ளினாலும் உயரப் போகும். அதே மாதிரி இரண்டு லேசர் கதிர்களை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள அதிர்வெண் வித்தியாசம், கொழுப்பு மூலக்கூறின் தாளத்துக்குச் சமமாக இருக்கும்படி வைக்கிறார்கள். ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்கு நேரமே மின்னி மறையும் துடிப்புகள் அவை. இரண்டும் ஒரே புள்ளியில், ஒரே கணத்தில் வந்து விழ வேண்டும். விழுந்தால் அந்த மெல்லிய குரல் உரத்துக் கேட்கும். 2008-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் இந்த முறையில் மைக்ராஸ்கோப் படம் எடுத்துக் காட்டினார்கள்.

ஆரம்பத்தில் இதற்கான லேசர், அசையாத பெரிய மேஜை மேல் பரப்பி வைத்த சாமான். லேசாகத் தட்டினாலும் ஒழுங்கு கெட்டுவிடும். ஆபரேஷன் தியேட்டருக்கு எப்படிக் கொண்டு போவது? கண்ணாடி இழைக்குள்ளேயே ஒளியை உண்டாக்கும் ஃபைபர் லேசர் வந்த பிறகுதான், முழுக் கருவியையும் ஒரு தள்ளுவண்டியில் அடக்க முடிந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் நாயகன் மைக்ராஸ்கோப் இல்லை, அந்த விளக்குதான்!

பலன் என்ன தெரியுமா? 2020-ல் அமெரிக்காவில் மூன்று மருத்துவ நிலையங்களில் 278 நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வில், ஆபரேஷனின்போது எடுத்த மூளைக் கட்டித் துணுக்கை இப்படிப் படம் எடுத்து, கம்ப்யூட்டரை விட்டுச் சொல்லச் சொன்னார்கள். இரண்டரை நிமிடத்துக்குள் பதில். கம்ப்யூட்டர் 94.6 சதவீதம் சரியாகச் சொன்னது. வழக்கமான முறையில் பார்த்த பேத்தாலஜிஸ்டுகள் 93.9 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், சாயமே இல்லாமல் எடுத்த படத்துக்குக் கம்ப்யூட்டரிலேயே இளஞ்சிவப்பும் ஊதாவும் பூசித்தான் டாக்டர்களிடம் காட்டுகிறார்கள். பழகிய கண்ணுக்குப் பழகிய நிறம்!

இப்போது மீதிப் பாதிச் செய்தி. அந்த 278 பேரிடமும் சதையைக் கிள்ளித்தான் எடுத்தார்கள். மிச்சமானது சாயமும் நேரமும்தான், கத்தி இல்லை. வெளிச்சம் சதைக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதே பெரிய காரியம். தோலின் மேல்பரப்பை வேண்டுமானால் வெட்டாமல் பார்க்கலாம். மார்பகத்துக்குள் இருக்கும் கட்டியையும் கல்லீரலையும் வெளியிலிருந்தே இப்படிப் பார்த்துவிட முடியாது.

ஆகவே, பயாப்ஸியைத் தள்ளிப் போட லேசரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். ஊசி குத்தியதால் நோய் பரவுவது மிக மிக அரிது. எந்தக் கட்டியை எப்படி அணுகணும் என்பதற்கு முறைகள் இருக்கின்றன. சர்ஜனுக்கு அது தெரியும். பரவுவது பெரும்பாலும் நாம் சும்மா இருக்கும் மாதங்களில்தான்.

இன்னொரு எச்சரிக்கை. கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி, ஒரே நிமிடத்தில் உடம்பு முழுக்க ரிப்போர்ட் தரும் பெட்டிகளை முகாம்களில் பார்க்கிறேன். சிலர் அதற்கு 'லேசர் ஸ்கேன்' என்றும் பெயர் சொல்கிறார்கள். நான் மேலே சொன்ன விஞ்ஞானத்துக்கும் அந்தப் பெட்டிக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. எங்கள் துறையில் சிலரும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சித்த மருத்துவத்தில் நாடி, நாக்கு, நிறம், விழி என்று எண்வகைத் தேர்வு உண்டு. நோயாளியின் உடம்பு தானாகக் காட்டுவதைக் கவனிப்பதே அதன் அடிப்படை. சாயம் போடாத மைக்ராஸ்கோப்பும் அதையே செய்கிறது. அதற்காக "எங்க முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க" என்று மார்தட்ட நான் தயாரில்லை. நாடி பிடித்துச் செல்லைப் பார்க்க முடியாது.

ஆனால், எங்கள் மருந்தை இந்த வெளிச்சத்தின் முன்னால் வைக்கலாமே! கல்லீரல் கெடும்போது அதில் கொலாஜன் என்கிற நார் படிகிறது. தீவிரமான லேசர் துடிப்பு பட்டால் கொலாஜன், வந்த ஒளியின் அலைநீளத்தைச் சரிபாதியாக்கித் திருப்பிக் கொடுக்கும். சாயமே இல்லாமல் நாரை அளந்துவிடலாம். கீழாநெல்லியும் கரிசாலையும் அந்த நாரைக் குறைக்கிறதா, இல்லையா? அளந்து பார்ப்போம். குறைத்தால் உலகம் ஒப்புக்கொள்ளட்டும். குறைக்கவில்லை என்றால் நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்கள் இயற்பியல்காரர்களோடு கை கோத்துச் செய்ய வேண்டிய வேலை இது. அந்த லேசரை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்யும் முயற்சிக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். விலை இறங்கினால்தான் ஜில்லா ஆஸ்பத்திரி வரை இது வரும். ராமன் பிறந்த மண்ணில் இதைக் கேட்பது பேராசை இல்லையே!

அதெல்லாம் வரும்போது வரட்டும். இன்றைக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது ஆறாத புண்ணோ, புதுசாக ஒரு கட்டியோ இருந்தால், முதலில் போய்க் காட்டுங்கள். பயாப்ஸி என்று சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு அதற்கான சிகிச்சையைத் தள்ளிப் போடாமல் ஆரம்பியுங்கள். கூடவே சித்த மருந்தும் சாப்பிடலாமா என்பதை அந்த டாக்டரிடமும் எங்களிடமும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். என்ன நோய் என்று தெரியாமல் மருந்து கொடுப்பது எந்த வைத்தியத்திலும் வைத்தியம் ஆகாது!