‘வெறும் காமாலை’ என்னும் போர்வை

நம் வீடுகளில் ஒரு சொல் நெடுங்காலமாகப் பொய்ச்சாட்சி சொல்லி வருகிறது. அச்சொல் ‘காமாலை’. நாற்பது வயதுகூட நிறையாத ஒருவருக்குக் கண் மஞ்சளாகிறது, பசி அற்றுப்போகிறது, வயிறு நீர் கோத்து வீங்குகிறது. ஊரார் கேட்டால் ‘வெறும் காமாலை’ என்கிறோம். மருத்துவரிடமும் அதையே சொல்கிறோம். ‘குடிப்பழக்கம் உண்டா?’ என்று அவர் கேட்டால், ‘நாங்கள் முஸ்லிம்கள், அதெல்லாம் இல்லை’ என்று தாயோ மனைவியோ முந்திக்கொண்டு விடை சொல்கிறார். மானத்தைக் காக்கச் சொன்ன அந்த விடை சில வேளைகளில் உயிரையே பறித்துவிடுகிறது.

மது ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் அந்த வாசலை அடைத்துவிட்டது. ஆனால் ஹராம் என்று அறிந்த சமுதாயத்தில் குடிப்பவரே இல்லை என்று நடிப்பது மார்க்கம் அன்று. விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வெப்பத்தில் உழைப்போரிலும், சரக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநரிலும் நம்மவர் உண்டு. டாஸ்மாக் கடை எவரிடமும் மதம் கேட்பதில்லை. 1983இல் தொடங்கப்பட்ட அந்த அரசு நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. மதுவை விற்பவர், சுமப்பவர், அதன் விலையை உண்பவர் என்று பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக ஹதீஸ் கூறுகிறது. வருவாய்க்காக விற்கும் அரசு அந்த எச்சரிக்கையைக் கேட்கட்டும். ஆயினும் அரசைக் குறை கூறிவிட்டு நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது நேர்மை ஆகாது.

மருத்துவ ஆய்வு சொல்வது இதுதான். உள்ளே சென்ற மதுவைக் கல்லீரல் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. அளவின்றிக் குடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முதலில் கல்லீரலில் கொழுப்புப் படிகிறது. குடலின் தடுப்புச் சுவரும் பலவீனப்பட்டு, நுண்ணுயிர்களின் நச்சு கல்லீரலுக்குள் கசிகிறது. அதை எதிர்க்கத் திரளும் உடலின் காவல் அணுக்களே கல்லீரலைப் புண்ணாக்குகின்றன. இதுவே மதுவால் வரும் கல்லீரல் அழற்சி. அது நீடித்தால் தழும்பு, அதன்பின் சுருக்கம். பச்சை மண்ணைத் திரும்பப் பிசைந்து வனையலாம். சூளையில் சுட்டபின் விரிந்த விரிசலை எவர் கூட்டுவார்? கொழுப்பு நிலையில் குடியை விட்டவரின் கல்லீரல் பெரும்பாலும் சில வாரங்களில் தேறுகிறது. முற்றிய சுருக்கம் அவ்வாறு மீள்வது அரிது.

‘கள்ளச்சாராயம்தான் கொல்லும், கடைச்சரக்கு ஒன்றும் செய்யாது’ என்பார் சிலர். 2024 ஜூனில் நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். அது ஓரிரு நாளில் கொன்றதால் நாடே பேசியது. கல்லீரலை அழற்றுவதோ முத்திரையிட்ட புட்டியில் உள்ள எத்தனால். அது ஆண்டுக்கணக்கில் கொல்வதால் எவரும் பேசுவதில்லை. பீரிலும் இருப்பது அதே எத்தனால்தான். கீழாநெல்லி போதும் என்பாரும் உண்டு. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லி இனத்தை ஆராய்ந்தது ஹெபடைடிஸ் பி வைரஸுக்காக. குடியால் வரும் அழற்சிக்காக அன்று. அந்த வைரஸிலும் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை.

மருத்துவம் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. கடும் அழற்சி கொண்ட 1,103 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு முதல் மாதத்தில் சிறிதளவே உதவுவதாகத் தோன்றியது. மூன்று மாதத்திலும் ஓராண்டிலும் அப்பயன் தென்படவில்லை. டெல்லி ஆய்வாளர்கள் நலமுள்ளவரின் மலத்திலிருந்து பிரித்த நுண்ணுயிர்களை நோயாளியின் குடலில் செலுத்திப் பார்த்து, எட்டுப் பேரிடம் கண்ட முடிவை 2017இல் வெளியிட்டார்கள். மனிதன் எந்த எல்லைவரை சென்று மருந்து தேடுகிறான் என்று பாருங்கள்! இத்தனை தேடலுக்குப் பிறகும், நெடுநாள் உயிர் வாழ்வதற்கு உறுதியான வழி குடியை அறவே விடுவதுதான் என்பதில் மருத்துவர்களிடையே ஐயமில்லை.

‘பிறர் குறையை மறைப்பது நற்செயல் அல்லவா?’ என்று நம்மிடம் கேட்பார்கள். ஆம், ஊரார் வாயிலிருந்து மறைப்பது நற்செயல். மருத்துவரிடம் மறைப்பது அப்படி அன்று. தீமையை மாற்ற உதவி தேடும்போது ஒருவரின் குறையைச் சொல்லலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் வகுத்துள்ளார்கள். இந்நோயை அறிவதற்கு நோயாளியின் குடிவரலாறே முதல் சான்று. அதை மறைத்துப் படுக்கையில் சேர்த்தால், இரண்டாம் மூன்றாம் நாளில் கைநடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வரும்போது மருத்துவர் திகைத்து நிற்க நேரும். அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த முயலும் வீட்டாரும் இதையே அறியாமல் உயிரோடு விளையாடுகிறார்கள். நெடுநாள் குடித்தவர் மருத்துவக் கண்காணிப்பிலேயே நிறுத்த வேண்டும்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல். குடித்ததற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்தார்கள். தண்டனையும் இருந்தது, மனிதரைக் கைவிடாத பரிவும் இருந்தது. நாமோ இவ்விரண்டையும் விட்டு ஏளனத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். அந்த ஏளனத்துக்கு அஞ்சியே தாய்மார்கள் பொய் சொல்கிறார்கள். மணமகன் வீட்டில் மஹர், சீர் என்று அடுக்கடுக்காக விசாரிக்கும் நாம், குடியை விட நினைப்பவரை மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு ஆளை நியமித்திருக்கிறோமா?

குடியை ஹராம் என்று மிம்பரில் முழங்குவோம். குடிநோயாளியை மருத்துவமனையில் உண்மை பேசிச் சேர்ப்போம். ‘காமாலை’ என்ற போர்வையை விலக்கும் துணிவை வல்ல ரஹ்மான் நம் குடும்பங்களுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.