ஓய்வுப் பணமும் விலைவாசியும்

பாங்கியில் போட்ட பணம் ஒரு காசும் குறையாமல் இருக்கிறது. அது வாங்கும் அரிசிதான் வருஷந்தோறும் குறைகிறது. விலைவாசி வருஷத்துக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறுமாயின், 12 வருஷத்தில் ரூபாயின் மதிப்புப் பாதியாகிவிடும். 58 வயதில் வேலையை விட்டவர் 70 வயதில், அதே தொகையை வாங்கிக்கொண்டே, பாதி வருமானக்காரராகி விடுகிறார்.

மத்திய சர்க்காரில் உபகாரச் சம்பளம் பெறுவோருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் விலைவாசியை ஒட்டி அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. அதை நாம் குறை கூறவில்லை. ஆலையிலும் கம்பெனியிலும் உழைத்தவர்களின் கதி என்ன? 1995-ம் வருஷத்திய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் ரூ. 1,000-க்குக் குறையக்கூடாதென்று 2014 செப்டம்பரில் விதித்தார்கள். பத்து வருஷம் கழிந்து 2024-லும் அது அதே ஆயிரந்தான். பருப்பு விலை அங்ஙனம் காத்து நின்றதா?

ஆகவே, ஓய்வை நெருங்குவோர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முழுப் பணத்தையும் டிபாசிட்டில் முடக்குவது தவறு. 2022 ஏப்ரலில் விலைவாசி நூற்றுக்கு 7.79 வீதம் ஏறியபோது, பெரிய பாங்கிகள் சாதாரண டிபாசிட்டுக்குக் கொடுத்த வட்டி 6-ஐ எட்டவில்லை. அதிலும் வருமான வரி போக மிஞ்சியதே கைக்கு வந்தது. முழுவதையும் பங்குகளில் கொட்டுவதோ அதனினும் அபாயம். 2008 ஜனவரியில் 20,000-க்கு மேல் நின்ற பம்பாய்ப் பங்குக் குறியெண் அக்டோபரில் 9,000-க்குக் கீழே விழுந்தது. அம்மாதம் அரிசிக்காகப் பங்கை விற்றவர் விற்றவரே. நாலைந்து வருஷச் செலவுக்கானதை டிபாசிட்டில் நிறுத்தி, எஞ்சியதில் ஒரு பங்கைத் தூர வருஷங்களுக்காகப் பங்குகளில் வைப்பதே உசிதம். மனைவியின் கழுத்துத் தங்கத்தையும் சொத்துக் கணக்கில் எழுதும் கனவான்கள் உளர். அதைக் கேட்கும் தைரியம் அவர்களுக்கு உண்டா என்பது வேறு விஷயம்.

ஆயினும், தையற்காரரும் தறிக்காரரும் பங்குச் சந்தையைக் கற்றுத்தான் கிழப்பருவத்தில் சோறு உண்ணவேண்டும் என்பது என்ன நியாயம்? விலைவாசியோடு ஏறும் சேமிப்புப் பத்திரங்களை பிரிட்டன் 1975-ல் ஓய்வு பெறும் வயதினருக்கென்றே வெளியிட்டது. அமெரிக்கா 1997-ல் விலைவாசியை ஒட்டிய கடன் பத்திரங்களைத் தொடங்கிற்று. நம் நாட்டிலும் 2013 டிசம்பரில் ஒன்று வந்தது: விலைவாசி ஏற்றத்துக்கு மேல் நூற்றுக்கு 1.5 வட்டி. நல்ல ஏற்பாடே. ஆனால் வட்டி மாதாமாதம் கைக்கு வராது. 10 வருஷம் சேர்ந்து முதலோடு வரும். பசித்த கிழவரை, பத்து வருஷம் பொறுத்து விருந்துண்ணச் சொன்னதற்கு ஒப்பாயிற்று. வாங்குவோர் சிலரே. 2014 மார்ச்சோடு விற்பனையை மூடிவிட்டார்கள்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மூன்று மாதத்துக்கொருமுறை வட்டி கிடைக்கிறது. ஆனால் பணம் போட்ட அன்றைய விகிதமே ஐந்து வருஷமும். அந்த வட்டியை விலைவாசிக் குறியெண்ணோடு சேர்த்து ஏறச்செய்து, தபாலாபீஸ்தோறும் விற்கும்படி நிதி மந்திரியாரைக் கேட்கிறோம். தொழிலாளர் ஓய்வூதியத்துக்கும் அகவிலைப்படி வேண்டும். இவ்விரண்டையும் தொழிற்சங்கத்தார் தங்கள் அடுத்த கோரிக்கைப் பத்திரத்தில் முதலாவதாக எழுதட்டும்.