அடிமேல் அடி அடித்தால் நட்டும் கழலும்



டீச்சர் ரிட்டயர் ஆனபிறகு மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்துவிட்டார்களா என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

என் தங்கை மகனுக்குக் கார் ரேஸ் என்றால் உயிர். சாலையில் அல்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருக்கும் ரேஸ் டிராக்கில் பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கிற ‘டிராக் டே’ என்று ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் போவான். தங்கைக்கு இது பிடிக்காது. எனக்குச் சம்மதம். ஆடு, மாடு, துறைமுக லாரி எல்லாம் வருகிற திருச்செந்தூர் ரோட்டில் பறப்பதைவிட, எதிரே யாரும் வராத அந்த 3.7 கிலோமீட்டர் டிராக்கில் ஆசையைத் தீர்த்துக்கொள்வது எவ்வளவோ மேல். ஆனால் வேகத்தைத் தாங்குகிற மாதிரி வண்டி இருக்க வேண்டும். என் பேச்சே அதைப் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை டிராக் டே. பதினோரு வருஷப் பழைய காரின் பின்பக்கத்துக்குப் புது ஷாக் அப்சார்பர் வாங்கி வந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில் ஜாக்கி போட்டான். வலது பக்கம் எப்படியோ கழன்றுவிட்டது. இடது பக்கத்தின் அடி நட்டு அசையவே இல்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தான். கடைசியில் நட்டின் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிட்டன.

“பெரியம்மா, வலப்பக்கம் புதுசு மாட்டியாச்சு. இடப்பக்கம் பழசே இருக்கட்டும். ஒரு நாள்தானே” என்றான்.

“ஏல, ஒரு சக்கரம் ஒரு விதமாவும் இன்னொரு சக்கரம் இன்னொரு விதமாவும் துள்ளினா, வளைவுல வண்டி உன் பேச்சைக் கேக்குமா?” என்றேன். துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “ஷாக் அப்சார்பரை ரெண்டு பக்கமும் ஜோடியாத்தான் மாத்தணும்” என்று முடித்துவிட்டார்.

நம் ஊரில் நட்டு ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? பழைய மாணவர்களுக்கு அந்தச் சோதனை ஞாபகம் இருக்கும். மூன்று சோதனைக் குழாயில் மூன்று ஆணி. ஒன்றில் தண்ணீரும் காற்றும், ஒன்றில் கொதிக்க வைத்த தண்ணீரின் மேல் எண்ணெய், ஒன்றில் ஈரம் இல்லாத காற்று. புத்தகத்தில் மூன்றுதான். முள்ளக்காட்டு உப்பளத் தண்ணீர் ஊற்றிய நாலாவது குழாயை நான் சேர்ப்பேன். உப்பு தானாகத் துருவை உண்டாக்குவதில்லை. தண்ணீரில் கரைந்து, துருப்பிடிக்கிற வேலையை வேகப்படுத்துகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் மரையில் இருக்கிற மயிரிழை இடைவெளி அதனால் இறுகிப்போகிறது. கொண்டல் காற்று நம் வண்டிகளுக்குச் செய்வதை, பனிக்காலத்தில் ரோட்டில் தூவுகிற உப்பு கனடாவில் இருக்கிற நம் சொந்தக்காரர்களின் வண்டிகளுக்குச் செய்கிறது.

சனிக்கிழமை காலையிலேயே எப்படியாவது கழற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று பிள்ளை துடித்தான். நான் என்னுடைய பழைய மாணவன் ஒருவனுக்கு ராத்திரியே போன் போட்டேன். மெக்கானிக். வந்து குனிந்து பார்த்தான்.

“டீச்சர், இது இன்னைக்குக் கழலாது. நாளைக்குத்தான்” என்றான்.

அவன் செய்த முதல் காரியம், வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தது. அழுக்குக்கு மேல் எண்ணெய் விட்டால் உள்ளே இறங்காதாம். பிறகு துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சின்னச் சுத்தியலால் நட்டைச் சுற்றி லேசாகத் தட்டினான். மறுபடி எண்ணெய். மறுபடி தட்டு. “ஒரே அடியா அடிச்சா மரை சாகும் டீச்சர். தட்டிக்கிட்டே இருந்தா துரு உதிரும், எண்ணெய் இறங்கும்” என்றான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் புரிந்தது. அது பலமாக அடிப்பதைப் பற்றிய பழமொழியே இல்லை.

கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டலாமே என்று பிள்ளை கேட்டான். சூடு காட்டினால் நட்டு விரியும், வாஸ்தவம்தான். ஆனால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் டாங்கு. ஷாக் அப்சார்பருக்குள் அழுத்தத்தில் அடைத்த வாயுவும் எண்ணெயும். “வேண்டாம் தம்பி” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை மழுங்கிய நட்டின்மேல் ஆறு மூலை சாக்கெட் ஒன்றைத் தட்டி ஏற்றினான். பன்னிரண்டு பல் ஸ்பேனர் மூலையை மட்டும் பிடிக்குமாம்; ஆறு மூலை சாக்கெட் பட்டையைப் பிடிக்குமாம். கழற்றுவதற்கு முன் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தான். ‘டக்’ என்று ஒரு சத்தம். துரு விட்டுக்கொடுத்த சத்தம். அப்புறம் கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி எண்ணெய். நட்டு வந்தது. போல்ட்டு புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டிக்கிடந்தது. அதை வெளியே எடுக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

அடுத்த சண்டை பழைய நட்டை என்ன செய்வது என்பது. “சுத்தம் பண்ணிப் போட்டுரலாமே” என்றான் பிள்ளை. நம் வீடுகளில் எதையும் தூக்கிப் போட மனசு வராது, எனக்கும்தான். ஆனால் சக்கரத்தைத் தாங்குகிற இடத்தில் அந்தச் சிக்கனம் கூடாது. மரை தின்றுபோன போல்ட்டு எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நைலான் வளையம் வைத்த நட்டு என்றால் ஒருமுறை கழற்றினதோடு சரி. வலது பக்கத்துக்கும் சேர்த்துப் புது போல்ட்டு, புது நட்டு வாங்கினோம். ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைக்குள் முடிந்துவிட்டது. வண்டியை நாலு சக்கரத்திலும் தரையில் நிற்க வைத்தபிறகுதான் கடைசி இறுக்கு, அதுவும் டார்க் ரெஞ்சில் அளந்து. தூக்கி வைத்தபடியே இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம்.

எல்லாம் முடியும்போது சாயங்காலம். அறுநூறு கிலோமீட்டர் ராத்திரியெல்லாம் ஓட்டிப்போய், தூக்கம் இல்லாத கண்ணோடு டிராக்கில் இறங்குவதற்கு நான் விடவில்லை. கட்டின பணம் போனது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, பிள்ளை முழுசாக இருக்கிறான்.

நான் சொல்ல வருவது இதுதான். நம் மீனவர்களைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தருவைக்குளத்திலும் மீன்பிடித் துறைமுகத்திலும் விசைப்படகைக் கரையேற்றிச் சுரண்டி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். அதே காற்றில் நிற்கிற நம் வண்டியின் அடிப்பக்கத்தை நாம் என்றைக்காவது பார்த்திருக்கிறோமா? வருஷத்துக்கு ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். முக்கியமான நட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரமாக வேலை இருக்கிற அன்றைக்குத் தெரிந்துகொண்டு பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று. கிளம்பும்போது அந்த மெக்கானிக் சொன்னான்: “எண்ணெய் விட்டுக் காத்திருக்கிற நேரத்துக்கு யாரும் கூலி தரமாட்டாங்க டீச்சர். சீக்கிரம் முடின்னுதான் சொல்வாங்க. அதனாலதான் எல்லாரும் உளியையும் டார்ச்சையும் எடுக்காங்க.” யோசித்துப் பாருங்கள். அவசரம் நம்முடையது, பழி மெக்கானிக்கின்மேல். காத்திருக்கிற நேரமும் வேலைதான், அதற்கும் காசு கொடுங்கள்.

அவன் என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். வாய்ப்பாடு வரவில்லை என்று அவன் உள்ளங்கையில் ஸ்கேலால் எத்தனையோ நாள் அடித்திருக்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கு முந்தைய காலம். அடிக்காத டீச்சர் டீச்சரே இல்லை என்று நாங்கள் நம்பிய காலம். எட்டோடு நின்றுவிட்டான். அதற்கு நானும் ஒரு காரணமா என்று அவனிடம் இதுவரை கேட்டதில்லை. அன்றும் கேட்க வாய் வரவில்லை. கூலியை அவன் சொன்னதற்கு மேல் கொடுத்தேன். மேல்காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “காப்பி போடுங்க டீச்சர், போதும்” என்றான்.

இதைப் படித்தால் அவனுக்குத் தெரியட்டும். மன்னிச்சுக்கோ, ராசா.

அடுத்த டிராக் டேக்கு ஒரு வாரம் முன்னாலேயே வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். பிள்ளையும் சரி என்று சொல்லிவிட்டான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்