திதி தெரிந்த அதிதி

பாறசாலையில் பஸ் ஏறிக் களியக்காவிளையில் இறங்குவதற்குள் ஒரு கல்லூரி ஆசிரியரின் பதவிப் பெயர் மாறிவிடுகிறது. கேரளப் பக்கம் அவர் 'அதிதி அத்யாபகர்'. தமிழகப் பக்கம் 'கௌரவ விரிவுரையாளர்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் மூலம் ஒன்றே: கெஸ்ட் லெக்சரர். ஒரு மாநிலம் அதை உபசாரமாக மொழிபெயர்த்தது, இன்னொன்று மரியாதையாக மொழிபெயர்த்தது. வேலை, சம்பளம் என்ற சாயல் இரண்டு சொல்லிலும் இல்லை.

அதிதி என்றால் திதி பார்க்காமல் வருபவர் என்று பொருள் சொல்வார்கள். இவருக்குத் திதி கச்சிதமாகத் தெரியும். கல்வியாண்டின் தொடக்கத்தில் நேர்முகத் தேர்வு, மார்ச் 31-ல் விடை. அடுத்த ஆண்டு அதே வகுப்பு, அதே பாடம், மறுபடியும் நேர்முகத் தேர்வு.

1956 நவம்பர் 1-ல் எல்லை போட்டபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1964-ல், எல்லைக்கு அந்தப் பக்கம் தனுவச்சபுரத்தில் என்.எஸ்.எஸ். கல்லூரியும் இந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரியும் தொடங்கின. இரண்டுமே தனியார் நிர்வாகம். பின்னாளில் இரண்டுமே அரசு உதவி பெறும் கல்லூரிகள். இன்று அரசிடமிருந்து சம்பளம் பெறும் நிரந்தரப் பேராசிரியர், அது இயல்பாக வந்தது என்று நினைத்தால் தவறு.

தனியார் நிறுவனங்களில் ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுக்க வேண்டும் என்ற வாதத்துக்குக் கேரளம் பெரிய விலை கொடுத்தது. 1957-ல் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா பள்ளி ஆசிரியர்களுக்கு அந்தப் பாதுகாப்பைத் தந்தது. அதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம் பெரிதாகி, 1959 ஜூலை 31-ல் நம்பூதிரிபாட் அரசே கலைக்கப்பட்டது. கல்லூரிகள் 1972 வரை காத்திருந்தன. ஆசிரியர்களும் மாணவர்களும் போராடிய பிறகு, அச்சுத மேனன் ஆட்சியில் அரசும் தனியார் நிர்வாகங்களும் நேரடி ஊதிய ஒப்பந்தத்துக்கு வந்தன. சங்கம் என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் காகிதம் எழுதப்பட்டிருக்காது.

அதிதிக்கு அப்படி ஒரு காகிதம் இல்லை. தகராறு என்றால் எங்கே போவார்? இங்கே சட்டம் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. கல்வி நிலையமும் ஒரு 'தொழில்'தான் என்று 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கே பாடம் நடத்துபவர் 'தொழிலாளி' அல்ல என்று 1988-ல் சுந்தராம்பாள் வழக்கில் சொல்லிவிட்டது. ஆலை உண்டு, ஆள் இல்லை. 1947-ன் தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பின் தொழிலாளி விளக்கத்திலும் பத்திரிகையாளர் குறிப்பிடப்படுகிறார், வாத்தியார் குறிப்பிடப்படவில்லை. தமிழில் இருவருக்கும் ஒரே பெயர், ஆசிரியர். சட்டம் மட்டும் அவர்களைப் பிரித்துப் பார்க்கிறது.

அதனால் இவர்களுக்கு எஞ்சியிருப்பவை உயர் நீதிமன்றமும் தெருவும்தான். இரண்டிலும் கொஞ்சம் கிடைக்கிறது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ரூ.50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் சொன்னது. தமிழக அரசுக் கல்லூரிகளில் 2024-ல் கொடுக்கப்பட்டது ரூ.25,000. அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். கேரளத்தில் கணக்கு நாள் கூலிபோல, மாத உச்சவரம்புடன். தனியார் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவிலோ நிர்வாகம் வைத்ததே சம்பளம்.

2025 ஆகஸ்டில் குஜராத் அரசின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. மாதம் ரூ.30,000-க்கு வேலை செய்தவர்கள், அதே வேலைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாங்குபவர்களின் பக்கத்து அறையில் இருந்தார்கள். குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை 8 சதவீத வட்டியோடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. மேடையில் குருவைக் கடவுளாக வணங்கினால் போதாது என்ற பொருளிலும் நீதிபதிகள் எழுதினார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக வழக்குப் போட்டுத்தான் இதைப் பெற வேண்டும் என்றால், அதற்குள் பலர் ஓய்வு வயதை எட்டிவிடுவார்கள்.

அரசுகளின் பதில் தெரிந்ததுதான்: நிதி இல்லை, நிரந்தர நியமனத்துக்கு வழக்குகள் தடை. விடுப்பில் போனவருக்குப் பதிலாக ஓரிரு மாதம் வருபவரை அதிதி என்பதில் தவறில்லை. காலியான பணியிடத்தில் பத்து ஆண்டு நிற்பவரை அப்படி அழைப்பது வார்த்தை மோசடி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது எல்லைக்கு இருபுறமும் தெரிந்த கணக்கு.

கேள்வி நிரந்தர ஆசிரியர்களின் சங்கங்களுக்கும் உண்டு. தாங்கள் வென்றது பணியிடத்துக்கான பாதுகாப்பு. அந்தப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தால், சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கையும் ஓய்வு பெறுவோருடன் சேர்ந்து குறையும். ஆகவே இது தர்மம் மட்டுமல்ல, சொந்த நலனும்கூட. கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல: எழுத்தில் ஒப்பந்தம், குறித்த தேதியில் சம்பளம், 12 மாதக் கணக்கு, பேறுகால விடுப்பு, மறு நியமனத்தில் பணி மூப்புக்கு முன்னுரிமை, தகராறைக் கேட்க ஒரு மன்றம். 1972-ல் கிடைத்ததைவிட இது சிறிய பட்டியல். அன்று கேட்டவர்களுக்கு இருந்த பலம், இன்று கேட்க வேண்டியவர்களுக்கு இல்லை. அந்தப் பலத்தைக் கடன் கொடுக்கக்கூடியவர்கள் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார்கள்.